ஹோப்ஃபுலிக்கு யார் பொறுப்பு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் மைக்கம்மா. அடையாள அட்டையில் ‘மொழிபெயர்ப்பாளர், நிலை இரண்டு’ என்று இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. ஒரு பக்கம் தமிழ் தெரியாத டாக்டர் இங்கிலீஷில் பேசுவார், மறு பக்கம் நோயாளியின் வீட்டார் தமிழில் கேட்பார்கள், நடுவில் இவள் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். மைக்குக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது என்பதால் பெயர் பொருத்தம்தான் என்று அவளே ஒத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. முழங்கால் இரண்டும் போய்விட்டன, தொண்டை போய்க்கொண்டிருந்தது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷமும் நாலு மாசமும் பாக்கி.

வேலைக்குச் சட்டம் மூன்று. ஒன்று, எதையும் கூட்டாதே, எதையும் விடாதே. இரண்டு, டாக்டர் இல்லாத இடத்தில் வீட்டாரிடம் நோயைப் பற்றி வாய் திறக்காதே. மூன்றாவதுதான் வேடிக்கை. யார் பேசினாலும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் “நான் வயிற்றைத் திறந்து பார்க்கப்போகிறேன்” என்றால், மைக்கம்மாவும் அப்படியே “நான் வயித்தைத் திறந்து பாக்கப்போறேன்” என்பாள். புதிதாக வந்த பெரியவர்கள் அவளை மேலும் கீழும் பார்த்து, “நீயாம்மா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. ஒருமுறை அவள் கணவருக்கும் கணவரின் தங்கைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய், இருவரும் ஒரே கூடத்தில் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு இவளை நடுவில் வைத்துச் சண்டை போட்டார்கள். “அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு” என்றாள் நாத்தனார். பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்த மைக்கம்மா கணவரைப் பார்த்து, “நான் இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்றாள். கணவர் வெலவெலத்துப்போய், “நீ எங்கடி போறே?” என்றார். அண்ணனும் தங்கையும் அன்றைக்குச் சமாதானமானது அந்தச் சிரிப்பில்தான்.

இப்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் அவளுக்கு எந்த மொழியும் வராது. “சாப்பிடறியா?” என்று கணவர் கேட்டால் தலையை ஆட்டுவாள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள் ஃபோன் செய்து, “ஏம்மா எதுவுமே பேச மாட்டேங்கறே?” என்பாள். பேச்சைப் பகல் முழுக்க மற்றவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தவளிடம் என்ன மிச்சம் இருக்கும்? அதைக்கூட அவள் சொல்ல மாட்டாள், “ம்” என்பாள்.

ஆஸ்பத்திரி இங்கிலீஷில் அவளைப் படாத பாடு படுத்திய சொற்கள் பெரிய பெரிய நோயின் பெயர்கள் அல்ல. அவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். வாக்கியத்தின் தலையில் தொப்பி மாதிரி வந்து உட்காரும் ஒரு சின்னச் சொல்தான் அவளுக்கு எமன். ஹோப்ஃபுலி. “ஹோப்ஃபுலி, நாளை வீட்டுக்குப் போகலாம்.” “ஹோப்ஃபுலி, கட்டி பரவியிருக்காது.” “ஹோப்ஃபுலி, மூச்சு தானாக வரும்.” ஒரு நாளைக்கு நாற்பது ஹோப்ஃபுலியாவது அவள் வாய் வழியாகப் போகும்.

பள்ளிக்கூடத்தில் படித்த அகராதியில் அதற்கு ‘நம்பிக்கையுடன்’ என்று போட்டிருந்தது. அது வேறு காலத்துப் புழக்கம். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருளே கிடையாது. நல்லது நடந்தால் தேவலை என்று யாரோ நினைக்கிறார்கள், அவ்வளவுதான். யார் நினைக்கிறார்கள்? அதுதான் அந்தச் சொல்லில் இல்லை. டாக்டரா, நோயாளியா, நர்ஸா, மேலே இருக்கிறவனா, ஒன்றும் தெரியாது. தமிழில் அப்படி நழுவ முடியவில்லை. ‘நம்பறேன்’ என்றால் நான் பொறுப்பு, ‘நம்புவோம்’ என்றால் நீயும் பொறுப்பு, ‘கடவுள் புண்ணியத்துல’ என்றால் அவர் பொறுப்பு. யார் தலையிலாவது கட்டியாக வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேல்மாடி அலுவலகம் ஒரு கமிட்டி போட்டு, எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று சொற்பட்டியல் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தது. அதில் ‘ஹோப்ஃபுலி’க்கு நேராக அதே ‘நம்பிக்கையுடன்’. கமிட்டியில் யாரும் நோயாளி முகத்தைப் பார்த்தவர்கள் அல்ல என்பது அப்போதே தெரிந்தது. சொன்னபடி செய்வோம் என்று பித்தப்பை ஆபரேஷன் ஆன ஒரு பஸ் டிரைவரிடம், “நம்பிக்கையுடன் நாளைக்கு நீங்க வீட்டுக்குப் போகலாம்” என்றாள். அவர் சிறிது யோசித்துவிட்டு, “நம்பிக்கை இல்லாம போனா என்னங்க ஆகும்?” என்றார். அன்றோடு பட்டியல் அவள் கைப்பையின் அடியில் மாத்திரை அட்டைகளுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

அவள் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். சொல்லைப் பார்க்காதே, சொல்கிறவரைப் பார். குழந்தைகள் வார்டு டாக்டருக்கு அது மூச்சு விடும் இடம், விட்டுவிட்டாலும் குறையில்லை. சிறுநீரக வார்டு அம்மாள் சொன்னால் பாதிக்குப் பாதி, அதற்கு “பாக்கலாம்ங்க, பெரும்பாலும் சரியாகும்.” எலும்பு டாக்டர் வாயில் அந்தச் சொல்லே வராது, அவருக்கு எல்லாம் திருகாணி. மூளை வார்டில் இருபது வருஷமாக இருந்த வழுக்கை டாக்டரோ நேர்மாறு. நூற்றுக்கு நூறு தெரிந்தால்தான் மனிதர் ஹோப்ஃபுலி என்பார். கண் பட்டுவிடும் என்கிற பயம். அவர் சொன்னால் மைக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு, “சரியாயிடும்” என்றுவிடுவாள். ஒருதரம்கூடத் தப்பியதில்லை.

இதெல்லாம் சட்டம் ஒன்றுக்கு விரோதம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொல்லை அப்படியே கொடுத்தால்தான் பொய்யாகிறது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வழுக்கை டாக்டர் போன மாசம் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஒரு இளைஞர் வந்தார். ஒல்லி, கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்துப்பட்டை எப்போதும் ஒரு பக்கம் மடங்கியே இருக்கும். வந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மைக்கம்மாவுக்கு மூளை வார்டில் ஒன்பதாவது அறை. கட்டிலில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், வேலை நடுவில் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தவர், வாயில் குழாயோடு கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி. சலவைக் கடையில் துணி தேய்க்கிறவள், ஐம்பது வயதிருக்கும், வலது கையில் வரிசையாகப் பழைய இஸ்திரித் தழும்புகள். புது டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி, வீக்கம் வடிய வேண்டும் என்றும், மருந்து போகிறது என்றும் சொல்லிவிட்டு, “ஹோப்ஃபுலி, இரண்டு மூன்று நாளில் விழித்துக்கொள்வார்” என்று முடித்தார்.

அதே அறை, அதே கட்டில் வரிசை, அதே நோய். மைக்கம்மாவுக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. எந்த வாய் பேசுகிறது என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “ரெண்டு மூணு நாள்ல முழிச்சிடுவாரு” என்றாள்.

சலவைக்கடை அம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மைக்கம்மா பத்தாவது அறைக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை லிஃப்ட் வாசலில் அதே அம்மாள் எதிர்ப்பட்டாள். கையில் ஃபிளாஸ்க். முகம் தெளிவாக இருந்தது.

“அக்கா, நேத்து ராத்திரிதான் கொஞ்சம் கண்ணை மூடினேன். பையன் ஒரே அழுகை. கப்பல்ல சமையல்காரனா இருக்கான். இப்ப ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நிக்குதாம், நாளைக்கு நம்ம நேரத்துக்கு மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பிடுமாம். கிளம்பினா அடுத்து இருபத்தாறு நாள் தண்ணிதான். இறங்கி ஃபிளைட்டப் பிடிச்சு வரேன்னு நிக்கறான். நான்தான் வேண்டாம்னுட்டேன். அப்பா முழிச்சிடுவாரு, நீ வந்து நின்னா பயந்துபோவாரு, வேலையப் பாருன்னேன்.”

மைக்கம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒருநாளைக்கு முப்பது பேர் வீட்டுக் கதை காதில் விழுகிறவளுக்கு எல்லாக் கதையும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத்தான் உறைத்தது. மூளை வார்டின் கடைசி அறை. தொண்ணூறு வயதுக் கிழவர். மூச்சு மெஷினில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்றோ நாளையோ என்பது கட்டிலைத் துடைக்கிறவருக்கும் தெரியும். புது டாக்டர் அவர் பேரன்களிடம் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, “ஹோப்ஃபுலி, கொஞ்சம் தேறுவார்” என்றார். மைக்கம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. எதையோ சொல்லிச் சமாளித்து வெளியே வந்தாள்.

வார்டின் தலைமை நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“இவர் என்னம்மா, இந்தத் தாத்தாவுக்கு ஹோப்ஃபுலிங்கறார்?”

“அவருக்கு அது ஒரு வியாதிக்கா. நல்லாகிற கேஸ்னா நேராச் சொல்லிடுவாரு. நாக்குல வராதது எதுவோ அதுக்குத்தான் ஹோப்ஃபுலி. அவர் அந்த வார்த்தைய எடுத்தா நாங்க அடுத்து என்ன செய்யணுமோ அதை எடுத்து வைக்க ஆரம்பிச்சிடுவோம்.”

“ஒன்பதாம் நம்பர்?”

நர்ஸ் வண்டியை நிறுத்தினாள். “லிஃப்ட் மெக்கானிக்கா? அவர் பொழைக்க மாட்டாருன்னு செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சுபோச்சுக்கா. ஏன்?”

மைக்கம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். வழுக்கை டாக்டரின் தராசில் இந்தப் பிள்ளையின் சொல்லை நிறுத்துவிட்டாள். பத்தொன்பது வருஷத்துக் கணக்கு, ஒரு தலை மாறியதைக் கவனிக்காமல் கவிழ்ந்துவிட்டது. யாரோ ஒரு பையன் எங்கோ ஒரு கப்பலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான். ஒரு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். அதற்கப்புறம் அவன் அப்பா முகத்தைப் பார்க்கவே போவதில்லை.

ஒன்பதாம் அறைக் கதவு வரைக்கும் போனாள். உள்ளே அந்த அம்மாள் கணவரின் கால் விரல்களைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். மைக்கம்மா திரும்பி வந்தாள். தானாகச் சொன்னால் வேலை போகும் என்பது ஒரு பக்கம். அதைவிட, ‘உங்க வீட்டுக்காரர் முழிக்க மாட்டாரு’ என்று சொல்ல அவள் யார்? மைக் தானாகப் பேசினால் அதற்குப் பெயர் கோளாறு. யாராவது அவளை நம்பியிருக்கிறார்கள் என்றால், பின்னால் ஒரு டாக்டர் நின்றதால்தான். அந்த டாக்டரையே கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போயிருந்தார். பன்னிரண்டாகும் என்றார்கள். மைக்கம்மா தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று அறைகளிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக ஃபோனை அணைத்து வைத்தாள். எதிரில் சுவர்க்கடிகாரம் இருந்தது. இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தே எத்தனை காலமாயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நேரத்தில் முழங்காலுக்குச் சுகமாக இருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பன்னிரண்டே காலுக்கு அவர் வெளியே வந்தார், தொப்பியைக் கழற்றியபடி. மைக்கம்மா எழுந்து நின்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். “நான்” என்றதும் நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குள் அவள் சொன்ன ‘நான்’ எல்லாம் யாருடையதாகவோ இருந்தது. இது தன்னுடையது என்பதே நாக்குக்குப் பிடிபடவில்லை.

“நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன், டாக்டர். ஒன்பதாம் அறையில் நீங்கள் சொன்ன ஒரு சொல்லை நான் விட்டுவிட்டேன்.”

சொல்லி முடித்தாள். கப்பலையும் சொன்னாள், மணியையும் சொன்னாள். டாக்டரின் முகம் சிவந்தது.

“ஹோப்ஃபுலி என்றுதானே சொன்னேன். தெளிவாகத்தானே சொன்னேன்.”

“அதற்கு நீங்கள் என்ன நினைத்தீர்கள், டாக்டர்?”

அதட்டலாகக் கேட்கவில்லை, அகராதியில் பார்ப்பது போலத்தான் கேட்டாள். அவர் கையிலிருந்த தொப்பியைச் சுருட்டினார், பிரித்தார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுதான் இருக்கும்.

“முந்தின நாள் இரண்டு பேர் வீட்டாரிடம், பிழைக்க மாட்டார் என்று சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை” என்றார்.

அவர் மேல் காட்ட வேண்டிய கோபத்தை மைக்கம்மா தியேட்டர் வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சேர்த்துவைத்திருந்தாள். இப்போது அது கிடைக்கவில்லை. அவளும் அன்றைக்கு ஒன்பதாவது அறையில்தானே நிமிர்ந்து பார்க்காமல் இருந்தாள். “வாருங்கள், டாக்டர்” என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் அறைக்குள் இருவரும் நுழைந்தபோது மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. சலவைக்கடை அம்மாள் எழுந்து நின்றாள். டாக்டர் ஸ்கேன், வீக்கம், அழுத்தம், எதிர்வினை என்று நீளமாக ஆரம்பித்தார். மைக்கம்மா ஒன்றைக்கூட விடாமல் கொடுத்துக்கொண்டே வந்தாள். அந்த அம்மாள் நடுவில் கையை உயர்த்தினாள்.

“இதெல்லாம் எனக்கு எதுக்குங்க? முழிப்பாரா, மாட்டாரா?”

மைக்கம்மா அதை அந்தப் பக்கம் கொடுத்தாள். டாக்டர் வாயைத் திறந்தார். அந்தச் சொல்லின் முதல் எழுத்து அவர் உதட்டுக்கு வந்ததை மைக்கம்மா பார்த்தாள். அவர் அதை விழுங்கிவிட்டு வேறு மாதிரி சொன்னார்.

“இவர் முழிப்பாருன்னு நான் எதிர்பாக்கலைங்க” என்றாள் மைக்கம்மா.

“இப்பவா? இல்ல செவ்வாக்கிழமையேவா?”

டாக்டர் பதில் சொன்னார். “செவ்வாக்கிழமையே” என்றாள் மைக்கம்மா.

அந்த அம்மாள் டாக்டரைப் பார்க்கவில்லை. மைக்கம்மாவைப் பார்த்தாள். “நீங்க முழிச்சிடுவாருன்னீங்களே.”

“இப்ப நான் பேசறது டாக்டர் பேச்சு இல்லைங்க, என் பேச்சு” என்றாள் மைக்கம்மா. குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. “அன்னைக்கு அவர் முழிக்கலாம், முழிச்சா நல்லதுங்கற மாதிரிதான் சொன்னாரு. நான் தேறிடுவாருன்னு எடுத்துக்கிட்டேன். பழைய டாக்டர் சொன்னா அப்படித்தான் இருக்கும். இவரை நான் நிமிர்ந்து பாக்கவே இல்ல. தப்பு என்னோடது. அதைப் பத்தி நீங்க மேலிடத்துக்குப் புகார் எழுதிக் கொடுங்க, ஃபாரத்தை நானே எடுத்துத் தரேன். ஆனா இப்ப பையனுக்கு ஃபோன் பண்ணுங்க. இன்னும் அரை மணி இருக்கு.”

சலவைக்கடை அம்மாள் அழவில்லை. திட்டவும் இல்லை. புடவைத் தலைப்பில் கையை நன்றாகத் துடைத்தாள், பையிலிருந்து ஃபோனை எடுத்தாள், கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பெயரைத் தேடினாள். மணி அடித்து அடித்து நின்றுபோனது. மறுபடி போட்டாள். மூன்றாம் முறை எடுத்தான். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“அம்மா? அப்பா முழிச்சிட்டாரா?”

மைக்கம்மா ஃபோனைப் பார்த்தாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவரும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லப்பா” என்றாள் அந்த அம்மாள். “அப்பா முழிக்க மாட்டாரு. நீ இறங்கி வந்துடு.”

அந்தப் பக்கம் எதையோ கீழே போடும் சத்தம் வந்தது. பிறகு, “கேப்டன்கிட்ட போறேன், லைன்லயே இரு” என்ற குரல். யாரும் உட்காரவில்லை. கட்டிலருகே மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாற்பத்தேழுக்கு அவன் திரும்பி வந்து, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டதாகவும், படகில் கரைக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும் காற்றுச் சத்தத்தின் நடுவே கத்தினான். “பத்திரமா வா” என்று சொல்லி அவள் ஃபோனை வைத்தாள்.

அதற்கப்புறம்தான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவரின் கால் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டே பேச்சு. அவன்கிட்ட நான் சொல்லிட்டேன், பாத்தீங்கல்ல. பெத்தவ நானே சொல்லிட்டேன். இதைச் சொல்றதுக்கு, இவ்வளவு படிச்ச நீங்க ரெண்டு பேரும் மூணு நாள் எடுத்துக்கிட்டீங்க.”

டாக்டர் மெதுவாக மைக்கம்மா பக்கம் திரும்பினார். “என்ன சொல்கிறார்?” என்று கேட்டார்.

மைக்கம்மா சொன்னாள்.